'3 இடியட்ஸ்', 'நண்பன்': விமர்சகர்கள் சொன்னதும் சொல்லாமல் விட்டதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தென்புறநகரில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் நான் பாடம் நடத்துகிறேன். மாதம் ஒருமுறை மாணவர்களோடு அமர்ந்து ஒரு படத்தைப் பார்த்து, அதற்கு வந்த விமர்சனங்களையும் படித்துப் பேசும் வழக்கம் எங்களுக்கு உண்டு. ராஜ்குமார் ஹிரானியின் '3 இடியட்ஸ்' படத்தையும் அதன் தமிழ் வடிவமான 'நண்பன்' படத்தையும் எடுத்துக்கொள்ளும் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஒரே கேள்விகள்தாம் வருகின்றன. அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கதையின் முடிச்சுகள் எல்லாம் இதில் அவிழ்ந்துவிடும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

'3 இடியட்ஸ்' 2009 டிசம்பர் 25 அன்று வெளியானது. தயாரித்தவர் விது வினோத் சோப்ரா. திரைக்கதை எழுதியவர்கள் ஹிரானியும் அபிஜாத் ஜோஷியும். பெயர்பெற்ற ஒரு பொறியியல் கல்லூரியின் விடுதியில் ராஞ்சோ (ஆமிர் கான்), ஃபர்ஹான் (மாதவன்), ராஜு (ஷர்மன் ஜோஷி) ஆகிய மூவரும் ஒன்றாகத் தங்கிப் படிக்கிறார்கள். கல்லூரியின் தலைவர் வீரு சஹஸ்திரபுத்தே, மாணவர்கள் வாயில் 'வைரஸ்' (போமன் இரானி). மனப்பாடப் புலி சதுர் ராமலிங்கம் (ஓமி வைத்யா). படிப்பு முடிந்த அன்று ராஞ்சோ காணாமல் போகிறான். ஆண்டுகள் பல கழித்து நண்பர்கள் அவனைத் தேடிப் போகும் பயணத்தின் ஊடாகக் கல்லூரிக் கதை சொல்லப்படுகிறது. ராஞ்சோ என்று அவர்கள் அறிந்தவன் உண்மையில் ஒரு பெரிய வீட்டில் தோட்ட வேலை செய்தவரின் மகன். முதலாளி மகனின் பெயரில் படித்து, பட்டத்தை அவனிடமே ஒப்படைத்துவிட்டுப் போனவன். லடாக்கில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் அவன்தான் நூற்றுக்கணக்கான காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரரான விஞ்ஞானி புன்சுக் வாங்டு என்பது கடைசித் திருப்பம்.

ஷங்கர் இயக்கிய 'நண்பன்' 2012 பொங்கலை ஒட்டி, ஜனவரி 12 அன்று வெளிவந்தது. விஜய், ஜீவா, ஸ்ரீகாந்த் ஆகியோர் நண்பர்கள், சத்யராஜ் 'வைரஸ்', சத்யன் 'சைலன்சர்' ஸ்ரீவத்சன். புன்சுக் வாங்டு தமிழில் கொசக்சி பசப்புகழ் ஆனார்.

வெளிவந்தபோது விமர்சனங்கள் பொதுவாக எப்படி இருந்தன?

பெரும்பாலானவை பாராட்டுகளே. சிரிக்க வைத்துக்கொண்டே கனமான ஒன்றைச் சொல்லும் ஹிரானியின் கைப்பக்குவம், மூன்று நண்பர்களுக்கு இடையே இழையோடிய இயல்பு, போமன் இரானியின் நடிப்பு, முகம் தெரியாத புதியவராக வந்து அரங்கத்தை அதிர வைத்த ஓமி வைத்யா ஆகியவை பரவலாகப் பாராட்டப்பட்டன. வசூலைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உள்நாட்டு நிகர வசூலில் 200 கோடி ரூபாயைத் தாண்டிய முதல் இந்திப் படம் இது.

பாராட்டியவர்களிலும் பலர் ஒரு தயக்கத்தைப் பதிவு செய்தனர். முதல் பாதியின் கேலி இரண்டாம் பாதியில் போதனையாகிறது. எல்லாரும் எல்லாவற்றுக்கும் அழுகிறார்கள். மழை கொட்டும் இரவில், மின்சாரம் இல்லாத கட்டடத்தில், வைரஸின் மகளுக்கு வெளியேற்றப்பட்ட மாணவர்களே பிரசவம் பார்க்க நேர்வது போன்ற தற்செயல்கள் அளவுக்கு மிஞ்சுகின்றன என்பவை அவற்றுள் முக்கியமானவை.

கடுமையாக எதிர்த்தவர்கள் யாராவது உண்டா?

உண்டு. எங்கள் கூட்டத்தில் தவறாமல் வாசிக்கப்படுவது ரெடிஃப் தளத்தில் ராஜா சென் எழுதிய விமர்சனம். ஐந்துக்கு இரண்டு கொடுத்த அவர், முந்தைய இரண்டு ஆட்டங்களிலும் நூறும் முந்நூறும் அடித்த மட்டையாளர் இந்த முறை பிறரிடம் கடன் வாங்கிய அடிகளை ஆடப்போய் ஸ்டம்பைப் பறிகொடுத்ததாகக் கிரிக்கெட் மொழியில் எழுதினார். அவர் சொல்லும் முந்தைய ஆட்டங்கள் 2003-இலும் 2006-இலும் வந்த 'முன்னாபாய்' படங்கள்.

தமிழ்ப் பார்வையாளருக்கு இந்தக் குற்றச்சாட்டு எளிதில் விளங்கும். முதல் 'முன்னாபாய்' படம் 2004-இல் 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' ஆக இங்கே வந்ததை நாம் அறிவோம். கெடுபிடியான ஒரு கல்வி நிறுவனம், அதன் தலைமையில் சிரிக்கத் தெரியாத ஒரு மனிதர், அவருக்கு ஒரு மகள், வெளியிலிருந்து வந்து எல்லாரையும் அன்பால் கலைத்துப்போடும் ஒருவன், கடைசியில் உருகும் தலைவர் என்று இரண்டு படங்களின் எலும்புக்கூடும் ஒன்றே. 'வசூல்ராஜா'வையும் 'நண்பன்' படத்தையும் தயாரித்தது ஒரே நிறுவனமான ஜெமினி ஃபிலிம் சர்க்யூட் என்பது ஒரு சுவையான ஒற்றுமை. கட்டிப்பிடி வைத்தியம் போய் 'ஆல் இஸ் வெல்' வந்தது என்று என் மாணவி ஒருத்தி சொன்னதைக் காட்டிலும் சுருக்கமாக இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நாவலை எடுத்துக்கொண்டு உரியவருக்குப் பெயர் கொடுக்கவில்லை என்ற சர்ச்சை என்ன?

சேத்தன் பகத் 2004-இல் எழுதிய 'ஃபைவ் பாயிண்ட் சம்ஒன்' என்ற ஆங்கில நாவலின் உரிமையைப் பெற்றே படம் எடுக்கப்பட்டது. ஆனால் அவர் பெயர் தொடக்கத்தில் வராமல், படம் முடிந்து ஓடும் நீண்ட பட்டியலில் வந்தது. 'கதை' என்ற தலைப்பின்கீழ் ஹிரானியும் ஜோஷியும் இடம்பெற்றனர். பகத் வெளிப்படையாக வருத்தப்பட்டார்; ஒப்பந்தத்தில் உள்ளபடியே நடந்துகொண்டோம் என்றது தயாரிப்புத் தரப்பு. செய்தியாளர் ஒருவரை வாயை மூடச் சொல்லிச் சீறிய சோப்ரா பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதைவிட, நாவலிலிருந்து படம் எதை மாற்றியது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாவலின் தலைப்பே பத்துக்கு ஐந்து புள்ளி சொச்சம் என்ற மதிப்பெண் சராசரியைக் குறிப்பது. ஐ.ஐ.டி. தில்லியில் சேர்ந்து, அங்கே பின்தங்கிப்போய், அந்த ஐந்து புள்ளிச் சொச்சத்தோடு வெளியே வரும் மூவரின் கதை அது. மூவருமே தரவரிசையின் அடியில் கிடப்பவர்கள். படத்திலோ ஃபர்ஹானும் ராஜுவும் மட்டும் கடைசி இடங்களில் நிற்க, ராஞ்சோ ஆண்டுதோறும் முதலிடம் பெறுகிறான். அடுத்த கேள்விக்கான பதில் இந்த மாற்றத்தில்தான் தொடங்குகிறது.

கல்விமுறையைச் சாடும் படம் என்கிறார்கள். உண்மையிலேயே சாடுகிறதா?

பாதி வரை சாடுகிறது. அந்தப் பாதி கூர்மையானது.

இயந்திரம் என்றால் என்ன என்று பேராசிரியர் கேட்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். மனித உழைப்பைக் குறைக்கும் எதுவும் இயந்திரமே என்று சொல்லி, கால்சட்டையின் ஜிப்பை ஏற்றி இறக்கிக் காட்டும் ராஞ்சோ வகுப்பிலிருந்து துரத்தப்படுகிறான். அதே பொருளைப் புத்தகத்தில் உள்ள முள்வேலி வாக்கியத்தில் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் சதுர் பாராட்டுப் பெறுகிறான். வாசல்வரை போன ராஞ்சோ திரும்பி வந்து, தான் மறந்துவிட்டுப் போன பொருளைப் பற்றி அதே பாணியில் ஒரு நீண்ட விளக்கம் தருகிறான், பேராசிரியருக்குப் புரியவில்லை, புத்தகங்களைத்தான் சொன்னேன் என்கிறான். அரங்கம் சிரித்தபோது நான் சிரிக்கவில்லை. எங்கள் வினாத்தாளில் முதல் பகுதி முழுவதும் இரண்டு மதிப்பெண் வினாக்கள். அவற்றில் பாதி 'வரையறு' என்று தொடங்குபவை. விடைத்தாள் திருத்தப் போனால் கையில் ஒரு விடைக்குறிப்பைக் கொடுப்பார்கள். அதில் உள்ள வாக்கியத்தை அப்படியே எழுதியவருக்கு இரண்டு. புரிந்துகொண்டு சொந்தமாக எழுதியவருக்கு, அன்றைக்கு மிச்சமிருக்கும் கட்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து, ஒன்றோ ஒன்றரையோ. நானும் அப்படிப் போட்டிருக்கிறேன்.

ஆனால் தேர்வு முடிவு வந்ததும் படம் என்ன செய்கிறது என்று பாருங்கள். வகுப்புப் புகைப்படத்தில் மாணவர்கள் மதிப்பெண் வரிசைப்படி உட்கார வைக்கப்படுகிறார்கள். நண்பர்கள் இருவரும் கடைசியில். முதலாவதாக வந்த ராஞ்சோவுக்கோ வைரஸின் பக்கத்து நாற்காலி. புகைப்படத்தில் இப்படி உட்கார வைப்பது அபத்தம் என்பதைக் காட்டும் காட்சி, அந்த அபத்தத்தின் உச்சியில் தன் நாயகனையே உட்கார வைத்துவிடுகிறது. மனப்பாடம் செய்யாதே, ஈடுபாட்டோடு படி, வெற்றி தானாகப் பின்னால் வரும் என்பது படத்தின் வாதம். அந்த வாதத்துக்குச் சான்றாக முதல் மதிப்பெண்ணையும், பின்னர் காப்புரிமைகளின் எண்ணிக்கையையும், கடைசியில் சதுரின் நிறுவனமே வாங்டுவின் கையெழுத்துக்காகக் காத்திருப்பதையும் காட்டும்போது, எந்த அளவுகோலை உடைக்க வந்ததோ அதே அளவுகோலால் படம் தன்னை அளந்துகொள்கிறது. ஈடுபாட்டோடு படித்தும் சுமாராகவே மதிப்பெண் பெறுகிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் படத்தில் இடமில்லை. நாவலில் இருந்தது.

இதனால் படம் பொய் என்றாகிவிடாது. புகைப்படக் கலைஞனாக வேண்டும் என்று ஃபர்ஹான் தன் தந்தையிடம் பேசும் காட்சியைப் பார்த்துவிட்டு வீட்டில் பேசத் துணிந்தவர்களை நான் அறிவேன். ஆனால் அந்தக் காட்சி பேசுவது ஒரு வீட்டுக்குள் நடக்கும் மனமாற்றத்தைப் பற்றி. அமைப்பைப் பற்றி அல்ல. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் கைவிட்டது. முதலிடம் பெற்ற பிள்ளைக்குப் பெற்றோர் இனிப்பு ஊட்டும் படம் மறுநாள் செய்தித்தாளில் வருவது அத்தோடு பெருமளவு குறைந்தது. யாருடைய மனமும் உருகி நடந்த மாற்றமன்று அது, ஓர் உத்தரவு. படம் வந்த காலத்து விமர்சனங்களில் இந்த வேறுபாட்டைப் பேசியவர்கள் குறைவு என்பதே என் குறை.

ஆசிரியர் தின உரைக் காட்சிக்கு அன்று கைதட்டல், இன்று கண்டனம். ஏன்?

மேடையில் சதுர் பேச வேண்டிய உரையில் ராஞ்சோ சில சொற்களை மாற்றிவிடுகிறான். இந்தி சரியாகத் தெரியாத சதுர் பொருள் புரியாமலேயே அதை மனப்பாடம் செய்து முழங்குகிறான். அற்புதம் என்று பொருள்படும் 'சமத்கார்' வர வேண்டிய இடமெல்லாம் வல்லுறவைக் குறிக்கும் 'பலாத்கார்' வருகிறது. மனப்பாடத்தின் கேட்டைக் காட்ட இதைவிடச் சரியான உத்தி இல்லை என்றுகூட வாதிடலாம். ஆனால் அரங்கில் எழும் சிரிப்பு மனப்பாடத்தைப் பார்த்து மட்டும் எழுவதன்று. 2009-இல் மிகச் சில குரல்களே இதை எடுத்துச் சொல்லின. 2012 தில்லிக் கொடுமைக்குப் பிறகு, குறிப்பாக 'மீ டூ' காலத்தில், மறுபார்வைக் கட்டுரைகளில் முதலில் குறிப்பிடப்படும் காட்சியாக இது ஆகிவிட்டது.

தமிழில் சிக்கல் இன்னும் ஆழமானது. 'நண்பன்' படத்தில் 'கற்பித்தல்' என்பது 'கற்பழித்தல்' ஆகிறது. 'கொள்கை' என்பது 'கொங்கை' ஆகிறது. மொழிவிளையாட்டு என்ற அளவில் இந்தியைவிடத் தமிழில் கச்சிதமாகப் பொருந்தியது என்று அன்று வசனத்தைப் பாராட்டியவர்களில் நானும் ஒருவன். ஓர் எழுத்து இரண்டு எழுத்து மாறிய மாத்திரத்தில் ஆசிரியர் குற்றவாளியாகிவிடுகிறார் அல்லவா! ஆனால் 'கற்பழிப்பு' என்ற சொல்லே, நடந்த வன்முறையை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவர் எதையோ இழந்துவிட்டதாகச் சொல்லும் சொல். அதனால்தான் நம் இதழ்கள் பலவும் 'பாலியல் வன்கொடுமை', 'வல்லுறவு' என்று எழுதத் தொடங்கின. இப்போது வகுப்பில் இந்தக் காட்சி வரும்போது பையன்கள் சிரிக்கத் தொடங்கிப் பக்கத்து வரிசையைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பாதிச் சிரிப்பைப் பற்றிப் பேசுவதிலேயே எங்களுக்கு ஒரு மணி நேரம் போய்விடும்.

சதுர் ராமலிங்கம் பாத்திரம் தமிழர்களைக் கேலி செய்வதா?

உகாண்டாவில் பிறந்து பாண்டிச்சேரியில் படித்ததால் இந்தி தடுமாறுகிறவன் என்று படம் அவனை அறிமுகப்படுத்துகிறது. 'ராமலிங்கம்' என்ற பெயரும் சேர, இந்தி தெரியாத தென்னாட்டான் என்ற பழைய கேலியின் வாடை இதில் வீசுகிறது என்று இங்கே சிலர் அன்றே முகம் சுளித்தனர். வாடை இருக்கிறது என்றே நானும் சொல்வேன். அதே படத்தில் ஜாம்ஷெட்பூரில் பிறந்த தமிழரான மாதவன் ஃபர்ஹான் குரேஷியாக எந்த நெருடலும் இன்றிப் பொருந்தியிருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ராகிங் காட்சியைப் படம் வேடிக்கையாக்கிவிட்டதா?

ஆம், என்பதே என் முடிவு. புதிதாக வந்தவர்களை உள்ளாடையோடு வரிசையாக நிற்க வைப்பதைப் படம் பாதி கண்டிக்கிறது, பாதி ரசிக்கிறது. தமிழ்நாட்டில் இதை ரசிப்பது கடினம். 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்து, 1997-இல் ராகிங்கைத் தடைசெய்து தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. அன்று கல்லூரியில் இருந்த என் தலைமுறைக்கு அந்தப் பெயர் மறக்காது.

காட்டப்படும் அறிவியல் சரியா?

உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பது சரி. கதவின் மேல் சிறுநீர் கழிக்கும் மூத்த மாணவருக்கு, கதவுக்கு அடியில் நீட்டிய கரண்டி வழியாக அதிர்ச்சி கொடுப்பதை யாரும் செய்து பார்க்க வேண்டாம். திரவத்தாரை சற்று தூரத்திலேயே துளிகளாக உடைந்துவிடும் என்பதால் படத்தில் காட்டியபடி நடப்பது ஐயத்துக்குரியது, கம்பியைத் தொட்டுக்கொண்டிருப்பவருக்கோ உயிராபத்து. உறிஞ்சு கருவி கொண்டு பிரசவம் பார்ப்பது மருத்துவத்தில் உள்ள முறைதான். வீடு பெருக்கும் கருவியைக் கொண்டு அல்ல. வைரஸ் பெருமையோடு காட்டும் விண்வெளிப் பேனாவை நாசா கோடிகள் செலவழித்து உருவாக்கவில்லை. ஃபிஷர் என்ற தனியார் நிறுவனம் தன் பணத்தில் உருவாக்கியதை வாங்கி 1968-இல் அப்போலோ 7 முதல் பயன்படுத்தியது. பென்சிலையே பயன்படுத்தியிருக்கலாமே என்ற ராஞ்சோவின் கேள்விக்கு, பென்சில் முனை உடைந்து மிதந்தால் ஆபத்து என்ற விளக்கத்தைப் படமே பின்னால் தந்துவிடுகிறது.

வைரஸ் சொல்லும் குயில் கதை நமக்குப் பழக்கமானது. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்பது தெருமுனை வேப்பமரத்தைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் தெரியும். ஆனால் மற்ற முட்டைகளைத் தள்ளிவிட்டுத்தான் வாழ்வு தொடங்கும் என்று அவர் மிரட்டும் அளவுக்கு நம் ஊர்க் குயில் மோசமில்லை; குயில் குஞ்சு காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்வதும் உண்டு. போட்டியே இயற்கை என்று சொல்ல அவர் தேர்ந்தெடுத்த எடுத்துக்காட்டே முழுமையானதன்று.

இறுதியில் லடாக் பள்ளியில் காட்டப்படும் கருவிகளோ மெய்யானவை. மிதித்து இயக்கும் சலவை இயந்திரம் கேரளத்தின் ரம்யா ஜோஸ் பள்ளி மாணவியாக இருந்தபோது உருவாக்கியது. சைக்கிளால் இயங்கும் மயிர் கத்தரிக்கும் கருவி உத்தரப் பிரதேசத்தின் முகமது இத்ரிசுடையது. ஸ்கூட்டரால் இயங்கும் மாவு அரைவை மகாராஷ்டிரத்தின் ஜஹாங்கீர் பெயிண்டருடையது. பொறியியல் பட்டம் இல்லாதவர்களின் இந்தக் கருவிகளைப் பற்றி விமர்சனங்களில் ஒரு வரிகூட அரிதாகவே இருந்தது எனக்கு இன்றும் வியப்பு.

தற்கொலைக் காட்சிகள் பற்றி விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

ஜாய் லோபோ என்ற மாணவன் கேமரா பொருத்திய சிறு பறக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறான். கூடுதல் அவகாசம் மறுக்கப்பட்டு, பட்டம் கிடைக்காது என்று வீட்டுக்கும் சொல்லப்பட்ட பின் தூக்கிட்டுக்கொள்கிறான். கருவி அவன் அறை ஜன்னலுக்கு வெளியே உயர்ந்து, அதன் கேமரா வழியாக நண்பர்கள் அவனைக் காண்பது படத்தின் மிகச் சிறந்த படமாக்கம் என்று பலர் எழுதினர். பின்னர் ராஜு ஜன்னலிலிருந்து குதித்துப் பிழைப்பது, அவனை எழுப்ப நண்பர்கள் அடிக்கும் கூத்து ஆகியவற்றால் அந்தக் கனம் கரைந்துபோகிறது என்ற குறையும் எழுந்தது. 2010 தொடக்கத்தில் மும்பையில் மாணவர் தற்கொலைகள் செய்தியானபோது படத்தின் மீது பழிபோட்டவர்களும் இருந்தனர். ஒரு படத்தின் மீது அவ்வளவு பாரத்தை ஏற்றுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

சென்னைக்கு இதில் சொல்ல ஒரு செய்தி உண்டு. 1986 முதல் இங்கே இயங்கிவரும் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார், தோல்வியுற்ற மாணவர்கள் ஓராண்டை இழக்காமல் சில வாரங்களிலேயே மறுபடியும் தேர்வெழுத வாய்ப்பளிக்க வேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்தியவர். அப்படி வந்த உடனடித் தேர்வு தமிழ்நாட்டில் எத்தனையோ பிள்ளைகளின் ஓராண்டைக் காப்பாற்றியிருக்கிறது. ஜாய் லோபோ கேட்டதும் கூடுதலாகச் சிறிது காலம்தான். மனம் தளர்ந்திருப்பவர்கள் 104 அல்லது 14416 என்ற எண்ணுக்குத் தயங்காமல் அழைக்கலாம்.

வறுமையைக் கேலி செய்ததாகச் சொல்லப்படுவது எதனால்?

ராஜுவின் வீடு ஐம்பதுகளின் கறுப்பு வெள்ளைப் படம்போல் காட்டப்படுகிறது: படுத்த படுக்கையாகத் தந்தை, இருமும் தாய், மணமாகாத அக்கா. அழுகைப் படங்களைக் கேலி செய்யும் உத்தி என்று சிலர் ரசித்தனர். இருப்பவன் பார்வையில் இல்லாதவன் வீடு என்று சிலர் சினந்தனர். எனக்கு இரண்டாவது கருத்து. விடுதியில் எடுபிடி வேலை செய்யும் சிறுவன் 'மில்லிமீட்டர்' பள்ளிக்குப் போக, கட்டணம் தேவையில்லை, ஒரு சீருடை வாங்கிப் போட்டுக்கொண்டு போய் உட்கார் என்று ராஞ்சோ சொல்வதும் இத்தகையதே. சீருடையும் சத்துணவும் அரசுப் பள்ளியில் தரப்படும் ஊரில், அந்தக் குறும்பு சற்று அந்நியமாகவே ஒலிக்கிறது.

'நண்பன்' படத்துக்கு இங்கே எப்படிப்பட்ட வரவேற்பு?

நல்ல வரவேற்பு. பிறர் இயக்கிய ஒரு படத்தை ஷங்கர் மறுஆக்கம் செய்தது இதுவே முதல்முறை என்பதே பெரிய செய்தியாக இருந்தது. அறிமுகச் சண்டையும் சவால் வசனமும் இல்லாமல் விஜய் அடங்கி நடித்ததை விமர்சகர்கள் ஒருமித்துப் பாராட்டினர். சத்யனுக்கு அதுவரை கிடைக்காத இடம் இதில் கிடைத்தது. ஜீவாவின் தவிப்பு பிடித்தவர்கள் மிகுதி. சத்யராஜின் வைரஸ் பற்றிக் கருத்து பிளவுபட்டது. போமன் இரானியின் நிழல் அதிகம் என்றனர் சிலர்.

முதன்மையான குறை, காட்சிக்குக் காட்சி மூலத்தையே பின்பற்றியது என்பது. மதன் கார்க்கியின் பங்களிப்போடு வசனம் தமிழாயிற்று. பல மொழிகளில் காதலைக் குறிக்கும் சொற்களைக் கோத்த 'அஸ்கு லஸ்கா' போன்ற பாடல்களில் ஷங்கரின் பிரம்மாண்டமும் வந்தது. ஆனால் கல்லூரி தமிழ்நாட்டுக் கல்லூரியாகவில்லை. டேராடூனின் வன ஆராய்ச்சி நிறுவனக் கட்டடத்தின் செங்கல் தூண்களைப் பார்த்துக் கிண்டியையோ கோவையையோ யாரால் நினைக்க முடியும்? நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துக் கட்-ஆஃப் கணக்கிட்டு, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்காக மஞ்சள் பையில் சான்றிதழ்களோடு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் குடும்பம் குடும்பமாக மரத்தடியில் காத்திருந்த காலம் அது. எங்கள் அலகு தரவரிசை எண். எங்கள் சொல் 'அரியர்'. இரண்டும் 'நண்பன்' உலகில் இல்லை.

படம் பெற்ற விருதுகள் யாவை?

ஃபிலிம்ஃபேர் விருதுகளில் சிறந்த படம், இயக்குநர், துணை நடிகர் உட்பட ஆறு. சிறந்த கதைக்கான விருதும் அவற்றுள் ஒன்று என்பதால் பகத் சர்ச்சைக்கு மீண்டும் எண்ணெய் ஊற்றப்பட்டது. 57-ஆவது தேசிய விருதுகளில், நல்ல பொழுதுபோக்கை வழங்கிய மக்கள் விரும்பும் படத்துக்கான விருதோடு, பாடல் வரிகளுக்கும் ஒலியமைப்புக்கும் விருதுகள் கிடைத்தன. அந்த ஆண்டின் சிறந்த படம் 'குட்டி ஸ்ராங்க்' என்ற மலையாளப் படம்.

நாற்பத்து நான்கு வயதில் கல்லூரி மாணவனா?

அன்றே கேட்கப்பட்ட கேள்வி. 1965-இல் பிறந்த ஆமிர் கான் உடை, நடை, உடல்மொழி ஆகியவற்றால் சமாளித்தார் என்றே பெரும்பாலோர் எழுதினர். நம் ஊர்ப் படங்களில் கல்லூரி மாணவர்களின் வயதைக் கணக்கிட்டுப் பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டாகவே படவில்லை.

வெளிநாடுகளில் இவ்வளவு ஓடியது எப்படி?

சீனா, தென்கொரியா, ஹாங்காங், தைவான், ஜப்பான் என்று படம் வென்ற இடங்களின் பெயர்களைப் பார்த்தாலே விளங்கும்: எல்லாமே ஒரே ஒரு தேர்வில் பிள்ளையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் சமூகங்கள். 2013-இல் ஜப்பானில் வெளியானபோது அங்கே வைத்த பெயருக்கு 'நிச்சயம் நல்லபடியாக முடியும்' என்று பொருள். ஜப்பான் அகாடமி விருதின் வெளிநாட்டுப் படப் பிரிவுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

எந்தப் படத்தை முதலில் பார்ப்பது?

இந்தியை முதலில் பாருங்கள். விமர்சனங்களைப் படம் முடிந்த அன்றே படிக்காமல் ஓர் இரவு விட்டுவிட்டுப் படியுங்கள். 'நண்பன்' படத்தை ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம். போன ஆண்டு இரண்டையும் பார்த்து முடித்ததும் கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, "சார், வகுப்புப் புகைப்படத்தில் நடுவில் நிற்பவர்கள் யாரென்று யாருமே பார்ப்பதில்லையே?" என்று கேட்டான். நானும் அதுவரை பார்த்ததில்லை. அந்தக் காட்சியை நிறுத்தி வைத்து எல்லாரும் ஒருமுறை பார்த்தோம்.